மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்த்தது யார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சி ஒன்று முழு உண்மை இல்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஃபிட்டராக இருந்தேன். என் மனைவி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மிஷினில் உட்காருகிறவள். ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், இன்ஜின் இறுகிப்போய் ஓடாமல் கிடந்த பழைய கார் ஒன்று எனக்குக் கிடைத்தது. எங்கள் ஷாப்பில் பேட்டரியில் ஓடி சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். அதன் மோட்டாரைக் கேட்டு வாங்கினேன். இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைத்து காரை கரண்டில் ஓட்டுவது என்று முடிவுசெய்தேன்.

பழைய கிளட்ச் தட்டின் நடுவில் இருக்கும் பல்லுள்ள துண்டை மட்டும் வெட்டி, மோட்டார் தண்டில் பொருத்த லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். அந்தப் பல்லுக்குள் கியர்பாக்ஸின் தண்டு போய் உட்கார வேண்டும். நடுவில் கனமான இரும்புத் தகடு. அதில் நாலு போல்ட்டில் மோட்டார் நிற்கும்.

தகட்டை இறுக்கி ஓட்டினேன். கியர்பாக்ஸ் அலறியது. கழற்றினேன், நூல் பிடித்துப் பார்த்தேன், மறுபடி இறுக்கினேன். மறுபடி அலறியது. தோல் ஷாப்பில் தோல் ஊறுகிற பெரிய டிரம்மைச் சுற்றும் மோட்டாரை நாங்கள் நூல் பிடித்துத்தான் வைப்போம். கொஞ்சம் கோணல் இருந்தாலும் பெல்ட் பொறுத்துக்கொள்ளும். தண்டோடு தண்டு சேரும் இடம் மயிரிழைகூடப் பொறுக்காது. இருபது வருஷம் பெல்ட்டோடு பழகியதில் அது என் மண்டையில் ஏறவில்லை.

கூட வேலை செய்த பாய் ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னாபா, காரு செய்றியா, மாவு மிஷின் வெக்கிறியா?" என்றான்.

"போய் உன் வேலையப் பாரு. ஓட்டிக் காட்றேன்."

அவன் போன பிறகு என் மனைவி வந்து பார்த்தாள்.

"எங்க மிஷின்ல தோல அமுக்கிப் புடிக்கிற ஃபுட்ட மாத்தும்போது ஸ்க்ரூவ மொதல்லயே இறுக்க மாட்டோம். லூசா விட்டு, வீல கையால சுத்துவோம். ஊசி எறங்குற எடத்துக்கு ஃபுட்டு தானா வந்துரும். அப்புறந்தான் இறுக்குவோம். நீங்க இறுக்கிட்டு இல்ல சுத்துறீங்க."

"தையல் மிஷினும் இதுவும் ஒண்ணா? போய் சோத்தப் பாரு."

அவள் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த வார்த்தை போகவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து மோட்டாரைச் செயினில் தொங்கவிட்டு நாலு போல்ட்டையும் தளர்த்தினேன். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரே ஒரு பேட்டரி கொடுத்து மெதுவாகச் சுற்றவிட்டேன். முதலில் உறுமியது. தளர்ந்த மோட்டார் தானாக அசைந்து அசைந்து ஒரு இடம் தேடியது. சத்தம் இறங்கியது. அவளைக் கூப்பிட்டேன். கியர்பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப இறுக்குங்க" என்றாள். எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பிறகு நகராமல் இருக்க ரெண்டு பின் அடித்தேன். அந்த வாரமே கார் எங்கள் தெருவில் சத்தமில்லாமல் போயிற்று. பாயும் ஏறி உட்கார்ந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்றேன். "நான் ஜெபித்தேன், கர்த்தர் வழியை எனக்கு வெளிப்படுத்தினார்" என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பெண்கள் பக்கம் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சோறு போடும்போது கேட்டாள்: "கர்த்தர் உங்ககிட்டதான் நேரா பேசுனாரா? என் வாயில பேசியிருந்தா சபையில சொல்லக் கூடாதா?"

அதன் பிறகு ஷாப்பில் ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப பொண்டாட்டிய ஃபிட்டரா சேத்துடு தோஸ்த், நீ வீட்ல துணி தை" என்று பாய் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என் பாவம்.

இப்போது சபைப் பெரியவர் ஒருவர், "ஒருக்கா சொன்ன சாட்சிய மாத்துனா சபைக்குக் கெட்ட பேருபா" என்கிறார். மாற்றுவேன் ஐயா. நான் ஜெபித்தது உண்மை. பதில் வந்தது உண்மை. அது ஒரு பெண்ணின் தொழிலறிவு வழியாக வந்தது என்று சொன்னால் தேவனுடைய மகிமை ஒரு துளி குறையாது. குறையும் என்கிறவர் என்னை சபையை விட்டு நீக்கட்டும், வெளியே ரோட்டில் நின்றும் இதையே சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் மாற்றாமல் சொல்லுங்கள். என் கெட்டிக்காரத்தனம் என்று எதையும் சேர்க்க வேண்டாம். நான் அவளை அடுப்படிக்குப் போகச் சொன்னதை மரியாதைக்காக மறைக்கவும் வேண்டாம்.