கடைசியாக அணிந்திருந்தது

மைக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் சட்டைக் காலரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். காதோரம் பிரிந்து கிடக்கும் முடியை உள்ளே தள்ளுவார். உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நான்காம் மேடையில் நிற்கும் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்வார். சொல்லி முடித்ததும் காலர் அவிழும், முதுகு பழையபடி நாற்காலியில் சாயும். ஒரு நாளைக்கு நூறு அறிவிப்புக்குக் குறையாது. எந்தச் சட்டை வாங்கினாலும் அந்த ஒரு காஜாதான் முதலில் பிய்ந்துபோகும்.

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் கார் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் மேலிருந்து பார்த்தால் கீழே ஆறு மேடைகளும் பெஞ்சுகளும் பார்சல் கூடமும் தெரியும். கீழிருந்து பார்த்தால் கறுப்புதான் தெரியும். உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மைக் அக்கா, இன்னொன்றில் பேருந்துகளின் நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கும் டைம் கீப்பர். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"மைக்குக்குக் கண்ணு இருக்காக்கா? யாரு பார்க்கப் போறாங்கன்னு பட்டன் போடுறீங்க?"

"காது இருக்குல்ல. கழுத்து தொறந்து கெடந்தா குரல்லயே தெரிஞ்சிடும் தம்பி."

இந்த வேலைக்கு அவர் நேர்காணலுக்கு வந்தபோது மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பேசச் சொல்வதற்கு முன் எழுந்து நிற்கச் சொன்னார்கள், சுவர் வரை நடந்து திரும்பச் சொன்னார்கள். காலில் இருந்தது அண்ணியின் செருப்பு. ஒரு அளவு பெரியது. கழன்று போகாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடு அதிகாரி எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்: தோற்றம் சுமார், குரல் நன்று. யார் கண்ணிலும் படாத வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போய் அண்ணியிடம் குரலைப் பற்றிய பாதியை மட்டும் சொன்னார்.

சேர்ந்த வருடம் ஒரு சுற்றறிக்கை: பெண் ஊழியர்கள் முழுக்கைச் சட்டையே அணிய வேண்டும். பத்து வருடம் கழித்து முழங்கை வரை போதும் என்றார்கள். அப்புறம் அதுவும் போய், 'நேர்த்தியான உடை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். நேர்த்தி என்றால் எது வரைக்கும் என்று மேலாளரிடம் கேட்டார். "அது உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் மேலாளர். அவருக்கும் தெரியவில்லை என்பது மைக் அக்காவுக்குப் புரிந்தது. முழுக்கையிலேயே இருந்துவிட்டார்.

பேருந்துக்கும் பேருந்துக்கும் நடுவே பொழுது போக வேண்டுமே. கண்ணாடி இருந்தது, கீழே ஊரே நடந்துகொண்டிருந்தது.

"அங்க பாருங்கக்கா, மூணாவது பெஞ்சு."

"தங்கச்சி சட்டையை அவசரத்துல மாட்டிட்டு வந்திருக்கா."

"அந்த ஆளு?"

"துணி எடுத்தது நல்ல கடை. தைச்சவன் ஏதோ பழைய பகையைத் தீர்த்துக்கிட்டான்."

டைம் கீப்பர் சிரித்துச் சிரித்து நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டு ரப்பரைத் தேடுவான். கீழே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது என்பதால் இது யாரையும் உறுத்தவில்லை.

அறையில் இன்னொரு வேலையும் உண்டு. ஆளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் மாடியேறித்தான் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு படிவம். பெயர், வயது, உயரம், நிறம், ஐந்தாவதாக 'கடைசியாக அணிந்திருந்தது.' முதல் நான்கையும் கடகடவென்று சொல்கிறவர்கள் ஐந்தாவதில் நின்றுவிடுவார்கள். மனைவியைத் தேடுகிற கணவர்களுக்கு நிறமே தெரியாது. பச்சை என்பார்கள், வருகிறவர் மஞ்சளில் வருவார். அம்மாக்கள் தாங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த உடுப்பைச் சொல்வார்கள். பிள்ளை அதைத் தொட்டே இருக்காது. பொத்தான் அறுந்தது, சாயம் போனது என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. எல்லோரும் காணாமல் போனவருக்கு ஒரு நல்ல சட்டையைப் போட்டுவிட்டுத்தான் தேடத் தொடங்கினார்கள்.

உள்ளதை உள்ளபடி சொன்னாலும் சிக்கல்தான். ஒருமுறை கல்லூரி மாணவன் ஒருவனைத் தேடி அவன் அம்மா வந்தார். முழங்காலில் கிழிந்த கால்சட்டை என்றார். அப்படிக் கிழித்தே விற்கிறார்கள் என்பது மைக் அக்காவுக்கு அப்போது தெரியாது. "கிழிந்த கால்சட்டை அணிந்தவர்" என்று அறிவித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் காவலாளி ஒருவரைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்தார். கட்டட வேலை முடித்துப் பேருந்துக்கு நின்ற மனிதர். ஐம்பது வயது, கையில் தூக்குவாளி, உடம்பெல்லாம் சிமெண்டு.

"இது என் பையன் இல்லை" என்றார் அந்த அம்மா.

"தெரியுதும்மா" என்றார் மைக் அக்கா.

வந்தவர் போகாமல் நின்றார். "என்னைத் தேடுறாங்கன்னு சொன்னாங்களே. யாருங்க தேடுறது?"

யாருமில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. அதற்குள் அவருடைய பேருந்து போய்விட்டது.

இனி சொல்லப்போவது ஒரு வேலை நாளில், மதியம் ஒரு மணிக்கு நடந்தது.

"அக்கா, சீக்கிரம் வாங்க, போயிடப் போறாரு" என்றான் டைம் கீப்பர்.

நான்காம் மேடையில் எழுபது வயது தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். உடுத்தியிருந்தது நைட்டி. நீலத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பூக்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை பொத்தான்கள், எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன. காலில் துடைத்துப் பளபளப்பாக்கிய பழுப்புச் செருப்பு. வலது கையில் பெரிய கடிகாரம். வழுக்கையில் வெயில் படாமல் தூணின் நிழலில் நின்று, வரவேண்டிய பேருந்தின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டம்மா கொடியில காயப்போட்டதை உருவிட்டு வந்துட்டாரு" என்றார் மைக் அக்கா.

"இல்லக்கா, நிக்கிற தோரணையைப் பாருங்க. மகாராணி."

"மகாராணி பஸ்லயா போவாங்க?"

"ரதம் ரிப்பேரு."

அடுத்த அறிவிப்புக்கு முன் தண்ணீர் குடித்துச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. கீழே பெஞ்சில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். நாலைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பெரியவர் தூணுக்குப் பின்னால் போனார். பிறகு தெரியவில்லை.

ஒன்றரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் மாடியேறி வந்தாள். நாற்பது வயது, சட்டைமேல் கோட்டு, கழுத்தில் அலுவலக அட்டை, கையில் மூடி சரியாக மூடாத சாப்பாட்டு டப்பா.

"அப்பாவைக் காணோங்க. பன்னண்டரைக்கு சுகர் ஊசி போட்டேன். சாப்பாட்டைச் சூடு பண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆள் இல்லை. ஊசி போட்டுட்டு சாப்பிடலைன்னா மயங்கி விழுந்துடுவாரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதைப் பார்த்ததா பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

மைக் அக்கா படிவத்தை இழுத்தார்.

"பேரைச் சொல்ல வேண்டாம்" என்றாள் அவள். "இங்க எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேரு. வயசு மட்டும் சொல்லுங்க. எழுபத்து மூணு."

உயரம், நிறம். ஐந்தாவது கட்டம்.

"வெள்ளைச் சட்டை. சாம்பல் கலர் பேண்ட்." ஒரு நொடி விட்டு, "இஸ்திரி போட்டது" என்றும் சேர்த்தாள்.

மைக் அக்கா அறிவித்தார். எழுபத்து மூன்று வயது, வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை, மகள் மாடியில் காத்திருக்கிறார். மூன்று முறை சொன்னார். கீழே வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் குனிந்து தங்களையே பார்த்துக்கொண்டார்கள். யாரும் வரவில்லை. அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே தேடினாள். சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்டியது.

"வேற அடையாளம் ஏதாவது இருக்காம்மா? கண்ணாடி, தொப்பி?"

"வாட்ச் கட்டியிருப்பாரு. பெரிய டயல். வலது கையிலதான் கட்டுவாரு, யாரு சொன்னாலும் மாத்த மாட்டாரு."

டைம் கீப்பர் பென்சிலைக் கீழே வைத்தான். மைக் அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துச் சிரித்திருக்காவிட்டால் எந்தக் கை என்று நினைவில் இருந்திருக்காது.

"நான் கீழ போய்ப் பார்க்குறேன்" என்று அவன் எழுந்து ஓடினான்.

மைக் அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. வீட்டுல நீலத்துல பூப்போட்ட நைட்டி இருக்கா?"

அவள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது அம்மாவோடது. அம்மா போனதுலேருந்து சில நாள் அதை எடுத்து மாட்டிக்குவாரு. மனசு சரியில்லை அவருக்கு." பிறகு, "மைக்ல சொல்லிடாதீங்க. எங்க ஆபீஸ் ஆளுங்க இங்கதான் பஸ் ஏறுவாங்க. காலத்துக்கும் பேசுவாங்க."

"சொல்லலைன்னா எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"அந்தத் தம்பி போயிருக்காருல்ல."

தம்பி பெஞ்சுகளுக்கு நடுவே ஓடுவது தெரிந்தது. கழிப்பறைக்குள் போய் வெளியே வந்தான். மேடை மேடையாகப் போனான். கடைசியில் கண்ணாடியைப் பார்த்துக் கையை விரித்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும், மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. மணி ஒன்று ஐம்பது.

மைக் அக்கா ஒரு தாளை எடுத்தார். எழுதாமல் படித்துப் பழக்கமில்லை. 'பெண்கள் உடை அணிந்த' என்று எழுதி அடித்தார். 'வீட்டு உடையில்' என்று எழுதினார். அது யாருக்குப் புரியும், அடித்தார். 'நீண்ட அங்கி' என்று எழுதியபோது டைம் கீப்பர் மூச்சிரைக்க மேலே வந்து எட்டிப் பார்த்தான்.

"அங்கின்னா எவனாவது ஜட்ஜைப் பிடிச்சுட்டு வந்துடுவான்க்கா."

அதையும் அடித்தார். மகள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டப்பாவிலிருந்து குழம்பு விரலில் வழிந்தது, துடைக்கவில்லை. கடைசியில், "நைட்டின்னே போடுங்க" என்றாள்.

மைக் அக்கா பொத்தானை அழுத்தினார். "எழுபத்து மூன்று வயதுப் பெரியவர். நீல நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைட்டி, பழுப்புச் செருப்பு, வலது கையில் கடிகாரம். பார்த்தவர்கள் உடனே அறிவிப்பு அறைக்குத் தெரிவிக்கவும்." பேருந்து நேரம் சொல்கிற அதே குரல். அந்த மைக்கில் அதுவரை ஒலிக்காத ஒரு சொல்லும் அதே குரலில் போயிற்று. கீழே சில தலைகள் நிமிர்ந்தன. இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாம் முறை சொல்வதற்குள் பார்சல் கூடத்து ஆள் மாடிப்படியில் நின்றார்.

"எங்க மூட்டைங்களுக்கு நடுவுலதான் உட்கார்ந்திருக்காரு. உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு கொழறுது. கூட்டம் படம் எடுத்துச்சுல்ல, அதுல உள்ள வந்தவரு. வெள்ளைச் சட்டைன்னு சொன்னீங்களேன்னு இவரு இல்லைன்னு இருந்துட்டேன். முதல்லயே இதைச் சொல்லியிருந்தா அப்பவே கூட்டிட்டு வந்திருப்பேனே."

"நைட்டியில இருந்தாரே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்றான் டைம் கீப்பர்.

"இப்பல்லாம் யாரு எதைப் போடுறாங்கன்னு யாருக்குத் தெரியுது? ஸ்டைலா இருக்கும்னு விட்டுட்டோம்."

மகள் பாதிப் படிகளை விட்டுவிட்டுத்தான் இறங்கினாள். மைக் அக்கா இறங்கிப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து அப்பாவின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. அவள் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திப் பொத்தான் போடப் பார்த்தாள்.

"எடு, வேர்க்குது" என்றார் அவர். பிறகு மைக் அக்காவைப் பார்த்து, "பஸ் டைம் சொல்றது நீங்கதானா? நல்ல குரல்" என்றார். "ஆமா, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் கிடைச்சாரா? நானும் கொஞ்ச நேரம் தேடுனேன். பாவம், என் வயசுதான்."

அவர்கள் வண்டி பிடித்துப் போனார்கள். கோட்டு மகளின் கையில் இருந்தது.

மாடியில் விளையாட்டு ஒன்றும் நின்றுவிடவில்லை. இரண்டு நாள் கழித்து டைம் கீப்பர், "அக்கா, ஆறாவது மேடை" என்றான். இரண்டு காலிலும் வேறுவேறு காலுறை போட்ட ஒருவர். "வீட்டுல இதே மாதிரி இன்னொரு ஜோடி இருக்கும்" என்றார் மைக் அக்கா. மகாராணி என்ற சொல்லை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அந்தப் பெரியவரை நினைக்கும்போதெல்லாம் மைக் அக்காவுக்கு உரியவர் இல்லாத ஓர் அலமாரியும் அதில் மடித்து வைத்த ஒரு பெண்ணின் துணிகளும் கண்ணில் வந்தன. அந்த அலமாரியை அவர் வீட்டில் தன் கணவரிடம்கூட விவரித்துச் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் மூட்டு வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி அறைக்கு வந்தார்.

"என் வீட்டுக்காரரை நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்களாம். நைட்டியோட வந்தாரே, அவரு."

மைக் அக்கா எழுந்து நின்றுவிட்டார். உட்கார நாற்காலியைத் தள்ளினார்.

"அன்னிக்கு நான் என் தங்கச்சி வீட்டுல இருந்தேன். என்னைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பியிருக்காரு மனுசன்" என்றார் அந்த அம்மா. "போன வருசம் ஆபரேஷன் பண்ணி மூத்திரக் குழாய் வெச்சிருந்தாங்க. பேண்ட் போட முடியலை. நான்தான் அவரு அளவுக்கு நாலு நைட்டி தைச்சுக் குடுத்தேன். குழாயை எடுத்து ஆறு மாசமாச்சு. இன்னும் கழட்ட மாட்டேங்குறாரு. காத்தோட்டமா இருக்காம். மகளுக்குத்தான் வெளிய சொல்ல வெக்கம், கேட்குறவங்ககிட்ட ஏதாவது கதை சொல்லிடுவா. துணி எடுக்கப் போனப்பவே சின்னப் பூ வேண்டாம், பெரிய பூவா எடுன்னு சொன்னவருதான்."