இரண்டு படி வெளிச்சம்

எந்திரத்திலிருந்து வந்து விழுந்த அந்தப் படம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைப் புடவையில் அக்கா, எங்கள் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். காற்றில் கலைந்த முடியை ஒதுக்க ஒரு கை பாதி உயர்ந்திருக்கிறது. முகம் அவளுடையதுதான், நிற்கிற விதமும் அவளுடையதுதான். நிறம் மட்டும் அவளுடையது இல்லை. அதை நான் மாற்றியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். தி. நகரில் ஒரு கலர் லேபில், கணினிப் பிரிவில் எனக்கு வேலை. ஃபிலிம் ரோலோடு வருகிறவர்களுக்கு நடுவே, வெளிநாட்டு உறவினரின் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களை ஃபிளாப்பியில் கொண்டுவருகிறவர்களும் அப்போது ஒருவர் இருவராகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். வரன் பார்ப்பதற்கான பெண்ணின் படம் என்றால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கேட்காமலேயே வெளிச்சத்தை இரண்டு படி கூட்டுவோம். மஞ்சளைக் குறைத்து, சிவப்பைத் தொட்டும் தொடாமலும் சேர்ப்போம். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “இன்னாப்பா, பொண்ணு மொகம் டல்லா கீது. கொஞ்சம் ஏத்து” என்பார். ஏற்றுவேன். தினம் நாலைந்து முகங்கள். படம் சரியில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அக்கா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைவிட ஆறு வயது பெரியவள். அப்போது முப்பத்திரண்டு முடிந்திருந்தது. வினாத்தாள் தயாரிப்பதற்காகப் பழைய கணினி ஒன்றும் சின்னக் கலர் பிரிண்டரும் வீட்டில் வைத்திருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தன் கேமராவில் எடுத்து ஃபிளாப்பியில் கொடுத்த அந்தப் படத்தை, தானே அச்சிட்டுக் கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் அவள் சொன்னாள். அம்மா ஒப்பவில்லை. “வீட்ல போட்டா கோடு கோடா விழுது, ஈரக்கை பட்டா கலங்கிடுது. தம்பி லேப்லயே இருக்கான், அவன்கிட்ட குடு” என்றாள்.

நான் கொண்டுவந்த படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தாள். “யாருடா இது?” என்று சிரித்தாள்.

“எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போடுவோம்.”

சிரிப்பு நின்றது. அதற்குள் அப்பா அதை வாங்கி உறைக்குள் போட்டுவிட்டார்.

அடையாறிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையனின் அம்மா படத்தைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றதும் அவர் கண் படத்துக்கும் அவளுக்குமாக இரண்டு முறை போய் வந்தது.

“இது எப்ப எடுத்தது?”

“போன மாசம்தாங்க” என்றார் அப்பா.

“அப்படியா” என்று அவர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். போகும்போது எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டோம் என்று அவர்கள் சொன்னதாக மறுநாள் தரகர் வந்து சொன்னார். அப்பா அக்காமேல்தான் பாய்ந்தார். “வெயில்ல அலையாதன்னு எத்தன தடவ சொல்றது? மூஞ்சிக்கு எதையாவது பூசிக்கக் கூடாதா?” நான் கதவோரம் நின்றிருந்தேன். படத்தை மாற்றியது நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவள் அந்த ஃபிளாப்பியைத் தன் கணினியில் போட்டாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து, வரி வரியாக அவளை வெளியே தள்ளியது. முதல் தாளில் முகம் செக்கச்செவேலென்று வந்தது. அடுத்ததில் பச்சை தட்டியது. ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தன் முன்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எதையோ திருத்தினாள். ஏழாவது தாளில் கையின் நிறமும் தாளின் நிறமும் ஒன்றாக இருந்தன. நெற்றிக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. நான் அடுத்த அறையில் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

தரகர் அதை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். “இன்னாம்மா இது, கோடு கோடா கீது. லேப்ல போட்டது அவ்ளோ அம்சமா இருந்துச்சே?”

“வர்றவங்க எங்க வீட்டுக்கு வந்து ஏமாற வேணாம். இதையே குடுங்க” என்றாள் அக்கா.

அதன்பிறகு மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. சாப்பிடும்போது அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். தரகரும் மெல்ல மெல்ல வராமல் போனார். ஒரு நாள் லேபுக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். “நிறத்த மாத்தாம அப்படியே போடட்டுமா?” என்று முதல்முறையாகக் கேட்டேன். மகள் வாயைத் திறக்குமுன் தாய், “கொஞ்சம் கலரா இருக்கற மாதிரி போட்டுக் குடுப்பா” என்றார். போட்டுக் கொடுத்தேன். அந்த வேலையில் இன்னும் மூன்று வருடம் இருந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அந்தப் படம்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவளே இனி பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது பெருங்குடிப் பக்கம் ஒரு அடுக்ககத்தில் தனியாக இருக்கிறாள். போன வருடம் ஓய்வு பெற்றாள். பள்ளியில் வழியனுப்பு விழா நடத்தி ஆல்பம் ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் போனபோது அதைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். மாலையும் பொன்னாடையுமாக ஒவ்வொரு பக்கத்திலும் வெளிறிய அக்கா. “பாத்தியா, இன்னும் விடல” என்றாள்.

இத்தனை வருடம் வாயில் வராதது அப்போது வந்துவிட்டது. “அன்னிக்கு நான் அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்க்கா. மாத்தினது நான்தான்னு.”

“நான் சொன்னேனே” என்றாள், ஆல்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ வேலைக்குப் போனதுமே சொன்னேன். தம்பிதான் மாத்தினான்பா, என் மூஞ்சி எப்பவும் இதானேன்னு.”

“என்ன சொன்னாரு?”

“‘அவன் நல்லாத்தானே பண்ணிக் குடுத்தான்’னாரு.”

அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அன்றுதான் முதன்முதலாக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பாராட்டு யாருக்கு என்று நினைத்தபோது, கோபப்படவும் எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தது.