என் வண்டிக்காக முகாமே சாய்ந்து படுத்தது

ஆர்டிஸ் ட்வெய்ட் வடக்கு டகோட்டாவில் ஆயுசில் பாதி பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, திரும்பிப் பார்க்காமல், காதாலேயே கண்டுபிடித்து, "டேய் ராண்டி, அவ தொப்பியைக் குடுத்துடு" என்று சொல்லிவிடுவாளாம். அவளே சொன்ன கதை என்பதால் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்டேன். என் வண்டிக்கு அவள் செய்ததைப் பார்த்த பிறகு, கழித்ததை எல்லாம் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.

குளிர் வந்தால் எங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள், அடுப்பும் படுக்கையும் உள்ள வீட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்தில் முகாம் போட வந்துவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் வடக்கே கிளம்பிவிட வேண்டும், இல்லையென்றால் வெந்துபோவோம். எனக்கு வேறு வீடு இல்லை. ஓஹையோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு நானும் என் கணவர் வெர்னும் குடியேறிய வண்டி அது. வெர்ன் இறந்த பிறகு முதல் முறையாக அதைத் தனியாக ஓட்டி வந்தேன். வழியெல்லாம் முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே "ங்ரீ... டொக்" என்று ஒரு சத்தம். வர வர அது பெரிதானது.

மகன் டெரிக்கிடம் போனில் சொன்னேன். "அம்மா, வண்டியோட அடி ஃபிரேமே விரிஞ்சிருக்கும். நடுரோட்ல படுத்துட்டா என்ன பண்ணுவ? கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டு வா. என் வீட்ல தரைக்கு அடியில இருக்கற தளத்துல உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன்" என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த அறையின் ஒரே ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். வெயில் ஏறுவதற்குள் சத்தம் தீராவிட்டால் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதே முகாமில் வண்டி போட்டிருந்த ஆர்டிஸ், நான் அழைக்காமலே வந்தாள். வாய் நிறையச் சூரியகாந்தி விதை, கையில் தொலி துப்ப ஒரு கோப்பை.

"கொரின், உன் வண்டி வந்த நாள்லேர்ந்து முனகுதே, என்னன்னு கேட்டியா?"

"கேக்கப் பயமா இருக்கு."

"அப்ப நான் கேக்கறேன். முதல்ல வீட்டை வாயை மூடச் சொல்லு."

வீட்டுவண்டி ஓடினால் உள்ளே இருக்கிற வீடும் சேர்ந்து கத்தும். தட்டு, கரண்டி, தகர டப்பா, அலமாரிக் கதவு என்று ஆளுக்கொரு குரல். அதனால் என் மொத்தக் குடித்தனத்தையும் வெளியே எடுத்து மடக்கு மேஜைகளில் பரப்பிவிட்டாள். என் உள்ளாடைகள் வரை ஊர் பார்த்தது. பக்கத்து வண்டி மெர்ல், ஓய்வுபெற்ற தபால்காரர், நான் வாஃபிள் சுடும் கல்லைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன விலை?" என்றார்.

"விக்கறதுக்கு இல்ல! வெச்சுட்டுப் போங்க!" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

காலி வண்டியை முகாமைச் சுற்றி ஆமைபோல ஓட்டினேன். ஆர்டிஸ் உள்ளே தரையில் காதை வைத்துப் படுத்தாள். பிறகு இறங்கிக் கூடவே நடந்தாள். "பிரேக் போடு. விடு. திரும்பு. ம், மறுபடியும்." அப்புறம் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, முகாமில் தொப்பை உள்ள ஆண்களை எல்லாம் கூப்பிட்டு வண்டியின் பக்கவாட்டில் தோள் கொடுத்து ஆட்டச் சொன்னாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு "ங்ரீ". அவள் எட்டிக் குனிந்து, ஸ்பிரிங் பட்டையின் முனையில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தில், அதாவது புஷ்ஷில், சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். சத்தம் நின்றது. தண்ணீர் வழிந்து காய்ந்ததும் மறுபடி முனகியது.

"பிடிச்சேன் பாரு! ரப்பர் கிழிஞ்சு, இரும்பும் இரும்பும் உரசுது. ஆனா இது புது ரப்பராச்சே. யார் போட்டது?"

"வெர்ன். வருஷா வருஷம் மாத்துவார்."

"எங்க வெச்சு?"

"இங்கதான். வண்டி ஜாக்கில நிக்கும்போது."

ஆர்டிஸ் தொலியைக் கோப்பையில் துப்பினாள். "அங்கதான் சறுக்கிடுச்சு. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா, ரப்பர் அந்த வாக்கிலேயே பிடிச்சுக்கும். அப்புறம் பாரம் வந்து உக்காந்ததும் முறுக்கிக்கும். ஓட ஓடக் கிழியும்."

"என் புருஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்றியா?" கையில் இருந்த துண்டை அவள்மேல் விட்டெறிந்தேன்.

"அடியே, இங்க பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. முகாம்ல வண்டியை மட்டமா நிறுத்த எப்படியும் ஜாக்கில தூக்கியாச்சு, அப்படியே வேலையை முடிச்சுடலாம்னு. நானும் அப்படிக் கெடுத்தவதான்." துண்டை மடித்து என்னிடமே கொடுத்தாள். "ஃபிரேமைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்ல. அப்புறம் உன் ஆளு போட்ட போல்ட் இருக்கே, அதை அசைச்சுப் பார்க்கறதுக்குள்ளயே எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு. உன்னை உக்கார வெச்சு ஓட்டப்போற வண்டின்னு இறுக்கியிருக்கார்."

வெர்ன் இறந்தபோது வராத அழுகை, ஒரு போல்ட்டைப் பற்றிக் கேட்டதும் வந்தது. ஆர்டிஸ் என் உள்ளாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

டவுனிலிருந்து புது புஷ்ஷும் புது போல்ட்டும் வந்ததும், பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். போல்ட்டுகளை முழுக்க இறுக்காமல் விட்டு, வண்டியை இறக்கி மெதுவாக முன்னும் பின்னும் உருட்டினாள். இனி சக்கரத்தின்மேல் பாரம் இருக்கும்போதே இறுக்க வேண்டும். ஆனால் ஜாக்கி இல்லாமல் வண்டி தாழ்ந்து நின்றது.

"அடியில ஸ்பேனர் போயிடும். என் வயிறு போகாதே!" என்றாள். "சக்கரத்துக்கு அடியில வைக்கப் பலகை வேணும். நிறைய வேணும்."

மேடு பள்ளமான அந்த நிலத்தில் ஜாக்கி இல்லாத வண்டியெல்லாம் பலகைமேல்தான் மட்டமாக நிற்கும். ஒவ்வொருவரும் தங்கள் சக்கரத்தடியில் இருந்து உருவிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அகலமாக அடுக்கி என் வண்டியை மேலே ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மீதி வேலை மறுநாளைக்கு.

காலையில் மெர்ல் காபிக் கோப்பையோடு வந்தார். "கொரின், வண்டி சாஞ்சதுல ராத்திரி பூரா என் பொண்டாட்டி என் பக்கமே உருண்டு வந்துட்டா. எத்தனை வருஷமாச்சு தெரியுமா? பலகையை நீயே வெச்சுக்க!"

மேட்டுப் பக்கத்து வண்டியில் சூப் ஒரு ஓரமாக வழிந்து அடுப்பை அணைத்ததாம். இன்னொருவருடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவு தானாகத் திறந்துகொண்டதாம். எல்லோரும் வந்து குறை சொன்னார்கள், ஒருவரும் பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்காக ஒரு முகாமே சாய்ந்து படுத்தது. அந்த நன்றியை நான் எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது?

ஆர்டிஸ் அடியில் படுத்து இறுக்கினாள். கீழே இறக்கி ஓட்டிப் பார்த்தேன். கல் மேல் ஏறினேன், பள்ளத்தில் இறங்கினேன். டயருக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும்தான் கேட்டது. டெரிக்கைக் கூப்பிட்டு, "அந்த ரூம்ல உன் சைக்கிளை வெச்சுக்க கண்ணா" என்றேன்.

சாமான்களை எல்லோருமாகத் திரும்ப அடுக்கினார்கள். கரண்டி மருந்துப் பெட்டியில், மருந்து ரொட்டிப் பெட்டியில். கப்பும் தட்டும் குலுங்கிச் சத்தம் போடாதபடி நான் துணி சுற்றினேன். ஆர்டிஸுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரேயடியா சத்தமே இல்லாத பஸ்ஸை ஓட்ட எனக்குப் பிடிக்காது. பின்னால யாருமே இல்லாத மாதிரி இருக்கும்" என்றாள். மறுநாள் விடிந்ததும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். விடைபெறுவதெல்லாம் அவளுக்கு வராது.

நான் வடக்கே நெடுஞ்சாலையில் ஏறிய முதல் வளைவிலேயே "டிங்" என்றது. உடனே ஓரம் கட்டினேன். செருப்பு தெரியும் அந்த ஜன்னல்தான் கண்முன் வந்தது. வண்டியைச் சுற்றி வந்தேன், சக்கரத்தடியில் மண்டியிட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. உள்ளே போய் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மேல் அலமாரியில், நான் சுற்றிவைத்த துணிகளுக்கு நடுவே, என்னுடையதல்லாத ஒரு காபி டப்பா உருண்டு கிடந்தது. திறந்தேன். அடியில் ஒரு பிடி சூரியகாந்தி விதையும், கூடவே ஒரு பழைய போல்ட்டும். வெர்ன் இறுக்கிய போல்ட்.

மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். துணி சுற்றவில்லை. அடுத்த வளைவில் மறுபடி "டிங்" என்றது. "கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.