நவநீதன் மூக்கும் ஜோதி அறையும்

நவநீதன் எங்கள் தெருக்காரன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. தோலை ஊறவைத்து முடி கழிக்கும் சுண்ணாம்புத் தொட்டியிலேயே அவனுக்குப் பாதி வயது போய்விட்டது. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. நான் கொத்தனார்.

அவன் மனைவி ஜோதிக்கு வீசிங். ஷூ கம்பெனியில் பசை தடவித் தடவி வந்தது. போன பொங்கலுக்கு இவன் வீடெல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்தான். அந்த வாடையில் அவளுக்கு மூச்சே நின்றுபோகப் பார்த்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜோதி நாட்றம்பள்ளியில் தங்கை மோகனா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைத் திரும்பக் கூட்டிவர, படுக்கையறைச் சுவரைச் செங்கல் தெரியக் கொத்திப் போட்டான் நவநீதன். மண்ணும் சுண்ணாம்பும் பூசலாம், பெயிண்டே வேண்டாம், வெயிலிலும் அறை குளுகுளுவென்று இருக்கும் என்றேன். பூச்சு வெடிக்காமல் இருக்கத் தேங்காய் நார் கேட்டேன். அவன் ஒரு மூட்டை ஆட்டு முடியோடு வந்து நின்றான். டேனரியில் கழித்த முடி.

"டேய், மருந்துல ஊறுனதாச்சேடா இது."

"நல்லா அலசிட்டேண்ணே. நாரை விட கெட்டியா புடிக்கும். நீயே மோந்து பாரு, இன்னா வாடை வருது?"

மோந்தேன். ஒன்றும் வரவில்லை. பூசினோம்.

சுவர் காய்ந்ததும் ஜோதி பையோடு வந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா, அழுவுன முட்டை நாத்தம் அடிக்குது?"

"நாத்தமா? எங்க?"

அதற்குள் அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பம்ப்பை வாயில் வைத்து அடித்தாள். அடங்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உதடு கறுத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

வெளியே நவநீதன் தன் சட்டையைத் தூக்கி மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். டேனரிக் காற்றிலேயே வளர்ந்த எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் அந்த முடி வாடை நாற்றமே இல்லை.

"இனிமே அந்த வூட்டுக்கு என்னைக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு ஜோதி மறுபடியும் நாட்றம்பள்ளி பஸ் ஏறினாள்.

அத்தனை பூச்சையும் அவனே சுரண்டி எடுத்தான். இந்த முறை தேங்காய் நார். காய்ந்ததும் அவன் மோந்து பார்க்கவில்லை. போய் மோகனாவைக் கூட்டி வந்தான்.

"ஏன் மாமா, நான் இன்னா போலீஸ் நாயா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. மூலை மூலையா மோந்து சொல்லும்மா."

சுவரில் மூக்கை வைத்துக்கொண்டே போனாள். ஜன்னல் பக்கத்தில் நின்றாள். திரும்பவும் மோந்தாள்.

"மண்ணு வாடை மாமா. வேற ஒண்ணும் இல்ல."

தங்கை சொன்னதை நம்பி மறுநாள் ஜோதி வந்தாள். வந்த ஆட்டோவை அவன் அனுப்பவில்லை. கையில் பம்ப்போடு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் அவள் கழுத்தையே பார்த்தபடி நின்றான். இழுக்கவில்லை. வெகுநேரம் கழித்து பம்ப்பைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"எவ்ளோ நேரம் கழுத்தையே பாப்ப? போய்க் குளி. இப்ப நாத்தம் உன் மேலதான்."

ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து குளித்தான். இன்றைக்கும் டேனரிச் சட்டையை வெளியே கழற்றிப் போட்டு, குளித்த பிறகுதான் அந்த அறைக்குள் போகிறான்.