நைனாவுக்குச் சுடாது

செங்கல்பட்டில் நரம்புப் பரிசோதனைக்காகப் படுத்திருந்தேன். மணிக்கட்டில் சின்ன ஷாக் வைத்ததும் விரல் தானாக அசைந்தது.

"நரம்பு செல்லோட சவ்வுக்கு உள்ளயும் வெளியயும் மின்சார அளவு வேறவேறயா இருக்கும். சூடு பட்டா அது சட்டுனு மாறி, அலையா மூளைக்குப் போகும். உங்களுக்கு அந்த அலை பாதியிலயே தேய்ஞ்சிடுது," என்றார் டாக்டர்.

எனக்கு வடை எண்ணெய் வாசனை அடித்தது.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நைனா வடைக்கடை வைத்திருந்தார். கொதிக்கும் எண்ணெயில் வெறும் விரலால் வடையைத் திருப்புவார். பள்ளி விட்டதும் கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு போவேன். "எங்க நைனாவுக்குச் சுடவே சுடாது, பாருங்கடா," என்பேன். அவரும் சிரித்தபடி எனக்காக இன்னொரு முறை விரலை விடுவார்.

வீட்டில் அம்மா கொப்புளங்களுக்கு மருந்து தடவுவாள். "இன்னாய்யா இது, தோலு உரிஞ்சிகினு கீது. உனுக்கு வலிக்கலியா?"

"இல்லியே," என்பார் நைனா.

அதைக் கேட்ட பிறகும் மறுநாள் நான் கூட்டம் சேர்த்தேன். கடைசியில் புண் அழுகி, இரண்டு விரல்களை எடுத்தார்கள். கடையும் போயிற்று.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க நைனாவுக்கு."

"ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட காட்டலியா?"

"இல்ல சார். நாங்க கைதட்டிகினு இருந்தோம்."