மூன்றில் ஒரு பலகை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டியதுதான். தெருவே சோப்பக்கா என்று கூப்பிடும் அவள் மூக்கைச் சுளித்து யாரும் பார்த்ததில்லை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் துணியைப் பிரித்து, ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீருக்கும், வாந்தியும் மலமும் பட்டதை அலசுகிற தொட்டிக்கும், வெறும் அழுக்கை நேராக இயந்திரத்துக்கும் அனுப்புவது அவள் வேலை. விரிப்புக்குள்ளிருந்து பல்செட் உருண்டு விழுந்திருக்கிறது. கட்டுத்துணியோடு ஒட்டிக்கொண்டு என்னென்னவோ வந்திருக்கிறது. புதிதாகச் சேரும் பெண்கள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

"ஓடு ஓடு, வெளிய நிறைய இடம் இருக்கு. உன் சேலையில மட்டும் வாந்தி எடுத்துடாத, அப்புறம் அதையும் நான்தான் பிரிக்கணும்" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்றைப் புரட்டியது ஒரு பலகை. அதுவும் பளிச்சென்று வெள்ளை அடித்த பலகை.

வீடு அப்பா கட்டியது. சாகும்போது மூன்று பிள்ளைகள் பேரிலும் சமமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். மூத்தவள் இவள், அடுத்தது பெரிய தம்பி, கடைசி சின்னத் தம்பி. தெருவைப் பார்த்த அறைகளில் தம்பிமார் இருவரும் குடும்பத்தோடு இருந்தார்கள். புருஷன் இன்னொருத்தியோடு போனபிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த இவளுக்குச் சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் ஓர் அறை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கதவைச் சாத்தினால் உலகம் வெளியே நின்றுகொள்ளும்.

ஓட்டுக் கூரை சரிந்து இறங்கி முடிகிற இடத்தில், ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் நுனி தெரியாதபடி நீளவாக்கில் ஒரு பலகை அடித்திருப்பார்கள் அல்லவா, அந்த ஓரப் பலகையில்தான் வினை வந்தது. நன்றாக இருக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் சாரலும் எலியும் வீட்டுக்குள் உரிமையோடு வந்துபோகும். சோப்பக்காவின் அறைக்கு மேலே அது ஊறி உளுத்து, ஒரு மழைநாளில் கை அகலத் துண்டாகக் கழன்று, அலசி வைத்திருந்த துணி வாளிக்குள்ளேயே விழுந்தது. கறுப்பாக, ஈரப் பஞ்சுபோல இருந்தது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. உள்ளேயிருந்து மரப்பேன் பூச்சிகள் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தன. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அவளுக்கு அருவருப்பு ஒன்றும் இல்லை. மரம் நனைந்தால் அழுகத்தானே செய்யும்?

அறைதான் பாடாய்ப் படுத்தியது. சுவரில் பூஞ்சணம் மேல்விளிம்பிலிருந்து இறங்கி இறங்கிப் பூத்தது. தலையணை காலையில் குளிர்ந்து கிடந்தது. நெஞ்சில் ஒரு இருமல் வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுத்தது. ஒரே ஒரு மழைக்காலம் நனையாமல் படுத்து எழுந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

தம்பிகளிடம் சொன்னாள். அவர்கள் உடனே ஒப்புக்கொண்டது அவளுக்கே ஆச்சரியம். காரணம் எதிர்வீடு. எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் பழைய பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் பலகை மாட்டியிருந்தார். சின்னத் தம்பியின் மனைவி தினமும் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் வந்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஒவ்வொரு குத்துக்கும் உச்சுக் கொட்டினார்.

"வீட்டைச் சுத்தி முழுசா மாத்தணும் சார். பலகை, அதுக்கு அடியில மூடுற தகடு, தண்ணிக் குழாய், சாரம் கட்டுற கூலி, பழசை அள்ளிட்டுப் போற வண்டி…" என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் தொகையைச் சொன்னார்.

பெரிய தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "என்னங்க, பலகை மாத்தச் சொன்னா வீட்டையே விலை பேசுறீங்க?"

"பலகை விலை கம்மிதான் சார். உசரத்துக்குத்தான் காசு. கீழ நின்னு வேலை செய்ற மாதிரி கூரையக் கட்டியிருந்தா நான் பாதிக்கே செஞ்சு குடுத்துருவேன்."

பேரம் பேசி ஒரு வழியாக இறக்கினார்கள். மூவரும் சமமாகப் போடுவது என்று முடிவானது. சோப்பக்காவின் பங்கு அவளுடைய நாலு மாதச் சம்பளம். பின்பக்க அறைக்கு என்று அவள் வேலையிடத்துக் கூட்டுறவில் கடன் வாங்கி, மற்ற இருவரும் பர்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த பிழை.

அடுத்த வாரம் அவளுக்குத் தொடர்ந்து பகல் வேலை. மாலையில் தெருமுனை திரும்பும்போதே வீட்டின் நெற்றி வெள்ளையாகத் தெரிந்தது. அகலமான மூன்று பலகைகள், ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் வரி ஓடுகிற ரகம். கீழே வரிசையாகக் குட்டி விளக்குகள் வேறு. அவள் வேகமாகப் பின்பக்கம் போனாள். அங்கேயும் வெள்ளை! அவள் அறைக்கு மேலே புத்தம் புதிதாக ஒரு பலகை மின்னியது. கண் கலங்கிவிட்டது. தம்பிகளைப் பற்றி மனதுக்குள் எத்தனை கணக்கு வைத்திருந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பின்பு ஸ்டூலைப் போட்டு ஏறி, சும்மா ஆசைக்குத் தொட்டுப் பார்த்தாள்.

விரல் உள்ளே போய்விட்டது.

மேலே இருந்தது பெயின்ட் தோல் மட்டும்தான். அதற்குப் பின்னால் அதே ஈரப் பஞ்சு, அதே பழுப்புத் தண்ணீர். பெயின்டின் வாசனைக்கு அடியில் அழுகல் நாற்றம். விரலை வெளியே இழுத்தபோது நகக்கண்ணில் ஒரு மரப்பேன் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே இறங்கிப் பார்த்தாள். முன்பக்கத்திலிருந்து கழற்றிய பழைய பலகைகள் அவள் அறைச் சுவரில் சாத்திவைக்கப்பட்டிருந்தன, ஜன்னலை மறைத்துக்கொண்டு.

சமையலறைக்குள் தம்பிகளின் மனைவிகள் இருவரும் இருந்தார்கள்.

"பின்னாடி என்னம்மா அடிச்சிருக்கீங்க?"

"பலகைதான் அண்ணி" என்றாள் சின்னவள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "முன்னாடி கழட்டுனதுல அது ஒண்ணு கொஞ்சம் நல்லா இருந்துச்சு. வீணாப் போவானேன்னு அதையே அடிக்கச் சொல்லி பெயின்ட் அடிச்சோம். அழகா இல்ல?"

"விரலை வெச்சா விரல் உள்ள போகுது."

"விரல ஏன் வெக்கிறீங்க?"

பெரியவள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவளுக்கு அது தெம்பு கொடுத்தது. "வரி போட்ட பலகை விலை கூட அண்ணி. அப்புறம் விளக்கு. பணம் முன்பக்கத்தோட தீந்து போச்சு. பின்னாடி யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் படுத்திருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன், வெளி ஆளு யாரும் இல்லையே."

அன்றைக்குத்தான் சோப்பக்காவின் வயிறு புரண்டது. பின்வாசலுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று விட்டிருந்தால் பரவாயில்லை. தாங்கள் வேண்டாமென்று கழற்றிய சனியனை எடுத்து, அவள் பணத்தில் ஆணி வாங்கி, அவள் தலைக்கு மேலேயே அடித்து, அதற்குப் பவுடரும் பூசி, அழகா இல்லையா என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி மூட்டையில் வருவது எதுவும் தன்னைச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இரவு சாப்பாட்டின்போது தம்பிகளிடம் கேட்டாள். பெரிய தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் பாத்துக்கலாம் அக்கா, கையில இப்ப சல்லிக்காசு இல்ல" என்றான். சின்னவன், "தற்காலிகமாத்தான் அடிச்சோம். நீ எதையுமே பெரிசு பண்ணுவ" என்றான். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர்கள் விஷயம் முடிந்தது என்று நினைத்து இன்னொரு முறை பரிமாறிக்கொண்டார்கள்.

அவளுடைய ஓய்வு நாளில், தம்பிகள் வேலைக்குப் போனபிறகு, அவள் கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் தச்சரைப் போனில் கூப்பிட்டாள். ஏணியும் கருவிப் பையுமாக வந்து நின்றார்.

"அந்தப் பின்பக்கப் பலகைய நீதானே தம்பி அடிச்ச?"

"நான்தான் அக்கா. சொன்னாங்க, செஞ்சேன்."

"உங்கம்மா படுக்கிற அறைன்னா அடிப்பியா?"

அவர் ஏணியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அதான் அக்கா, அடிக்கும்போதே ஆணி நிக்கல. ஒண்ணுக்கு நாலா அடிச்சேன்."

"சரி, அதைப் பிடுங்கு. அழுகுன கைமர நுனியை நல்ல மரம் வர்ற வரைக்கும் அறுத்து ஒட்டுப் போடு. உன் கூலியும் மரத்துக்கு உள்ளதும் நான் தர்றேன். அப்புறம் முன்பக்கத்துல மூணு பலகை இருக்குல்ல, அதுல ஒண்ணைக் கழட்டி இங்க மாட்டு."

தச்சர் காது சரியாகக் கேட்கிறதா என்பதுபோல விரலை விட்டுக் குடைந்தார். "முன்பக்கத்துலயா?"

"மூணு பேரு சமமாப் பணம் போட்டோம். மூணு பலகை வந்துச்சு. ஒண்ணு எனக்கு. எதை வேணாலும் எடு, நடுவுல இருக்கிறதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்."

"ஐயோ, நடுவுல வேணாம்" என்று தச்சருக்கே பதறிப்போனது. "ஓரத்துல இருக்கிறது அளவும் சரியா இருக்கும்." கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் சத்தம் வந்தது. சோப்பக்கா போனை வாங்கினாள். "பின்பக்கத்துக்கும் சேத்துத்தான் என்கிட்ட விலை சொன்னீங்க. உளுத்த பலகைக்கு பெயின்ட் அடிச்சது உங்க ஆளு. அதை எதிர்வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்து காட்டட்டுமா, இல்ல ஒரு பலகையக் கழட்டட்டுமா?" சத்தம் நின்றது. கழற்றச் சொல்லிவிட்டார்.

முதல் திருகாணி கழன்ற சத்தத்துக்கே சின்னவள் தலையில் துண்டோடு வெளியே ஓடி வந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க? இறங்கச் சொல்லுங்க அந்த ஆளை!"

"ஏணிய ஆட்டாதம்மா, விழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு. துணி எனக்குத்தான் வரும்."

"தெருவே பாக்குது!"

"பாக்கட்டும். பாக்கத்தானே மாட்டுனீங்க?"

தெரு பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு நுரையோடு வாசலில் நின்றார். பலகை இறங்கியபோது அதன் பின்னாலிருந்து மழையில் கறுத்த கைமர நுனிகள் வரிசையாக வெளிப்பட்டன. இரண்டு நுனிகள் உளுத்திருந்தன. விளக்கு ஒன்று வயரில் தொங்கி ஆடியது. அந்த உளுத்த நுனிகளின் மேலேயே பலகையை மாட்டி மறைத்திருக்கிறார்கள்! சோப்பக்கா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கள் தலைக்கு மேலேகூட இவர்கள் நேர்மையாக ஒரு வேலை செய்துகொள்ளவில்லை.

மத்தியானத்துக்குள் அவள் அறைக்கு மேலே பலகை ஏறிவிட்டது. தச்சர் இந்தத் தடவை நிதானமாக வேலை செய்தார். ஒட்டுப் போட்ட மரத்துக்கு எண்ணெய் பூசி, இடுக்கு அடைத்து, கீழே இறங்கி எட்ட நின்று பார்த்து, மறுபடி ஏறி ஒரு திருகாணியை இறுக்கினார். சாத்திவைத்திருந்த பழைய பலகைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தம்பிகள் வந்தார்கள். வாசலில் நின்றே சின்னவன் கத்தினான். "உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? வெளியில தலை காட்ட முடியல!"

"பின்னாடி என் அறைக்கு வந்து உக்காரு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு அக்கா" என்றான் பெரியவன்.

"இருக்கு. நீளத்துல ஒரு பலகை குறையுது, அவ்வளவுதான்."

இரண்டு பேரும் அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் கான்ட்ராக்டரின் வண்டி நின்றது. வரி போட்ட புதுப் பலகை ஒன்று நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பலகைக்குத் தனியாக வண்டி வரவழைத்ததில் விலை கூடத்தான் ஆகியிருக்கும். பெரிய தம்பி நோட்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சல்லிக்காசு இல்லாத அதே கை.

சோப்பக்கா செருப்பை மாட்டியபடி நின்று பார்த்தாள். அவர்களிடம் பணம் இல்லாமல் இருந்திருந்தால் அவளால் மன்னித்திருக்க முடியும். இரண்டே நாளில் வந்துவிட்டது. அவள் இருமிக்கொண்டு கிடந்த மாதங்களில் எல்லாம் அந்தப் பணம் இந்தச் சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது. நாக்கின் அடியில் ஏதோ கசப்பு ஊறியது. துப்பினால் வாசல் அழுக்காகும், விழுங்கிவிட்டாள்.

பெரியவன் அவளைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். "இப்ப திருப்தியா அக்கா?"

"உள்ள ரெண்டு கைமரம் உளுத்திருக்கு. அதுக்கு மேலயே மாட்டாத" என்றாள்.

"அது வெளியில தெரியாதே."

அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தாள். அன்று மாலை திரும்பி வந்தபோது சமையலறை வழியாகப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தன் அறைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் ஒரு அடுப்பும் இரண்டு பாத்திரமும் வாங்கினாள். சமையலறைப் பக்கத்துக் கதவுக்குத் தன் அறைப் பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்று தச்சரை மறுபடி கூப்பிட்டாள்.