யூனிஸ் அத்தை அடைத்த குழாய்

பருவத்தின் முதல் கூண்டுகளைக் கடலில் இறக்கும் நாளன்று, நவம்பர் கடைசித் திங்கட்கிழமை, விடிகாலை ஆறு மணிக்கு வெண்டல் மாமாவின் படகு துறையை விட்டுக் கிளம்பியது. சிங்கி இறால் கூண்டுகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஊரே நின்று கையசைத்தது. யூனிஸ் அத்தை மட்டும் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"தென்கிழக்குக் காத்துடி. வா, வீட்டுக்குப் போலாம்."

இருபத்தாறு வருஷம் மீன் ஆலையில் பனிக்கட்டிக்குள் கைவிட்டு வேலை பார்த்தவள். குளிருக்கெல்லாம் அஞ்ச மாட்டாள். அவளுக்குப் பயம், வீட்டுக் கணப்புக்குள் செருகியிருந்த இரும்பு விறகடுப்பின் மேல்தான். கரண்டில் ஓடும் ஹீட்டர் வந்த பிறகு அதை யாரும் பற்றவைப்பதில்லை. தென்கிழக்குக் காற்று எழுந்தால் புகைக்குழாய் வழியே குளிர் இறங்கும். கூடவே ஒரு ஊளை. அவள் தம்பி ஹாரிஸின் படகு திரும்பாத அன்றும் அந்த ஊளை கேட்டதாம்.

ஏழு வருஷம் வெயில் தேசங்களில் சுற்றிவிட்டு வந்திருந்த நான், "அத்தை, கால் விறைச்சுப் போச்சு" என்று முனகினேன். அவளுக்கு அந்தச் சாக்கு போதும்.

அடுப்பைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினாள். செங்கல்லுக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்த சந்து முழுக்கத் தீப்பிடிக்காத பஞ்சைத் திணித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊளை நிற்கவில்லை. பழைய கம்பளிச் சட்டைகளை ஒரு சாக்கில் சுருட்டி, அடுப்புக்குள் கைவிட்டுக் குழாயின் வாயையே அடைத்தாள். வீடு சட்டென்று அமைதியானது.

"மாமாவுக்குத் தெரிய வேணாமா?"

ஆரஞ்சு நிறக் கூண்டுக் கயிறு ஒன்றை அடுப்புக் கதவின் கைப்பிடியில் கட்டினாள். "கயிறு கட்டிட்டேன்ல. அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மறுநாள் மதியத்துக்குள் புயலில் கரண்ட் போய்விட்டது. போனும் செத்தது. தேவாலயக் கூடத்தில் காஸ் அடுப்பில், கரை சேரும் படகுக்காரர்களுக்காக நானும் அத்தையும் மீன் சூப் கிண்டிக்கொண்டிருந்தோம். பக்கத்துப் படகுக்காரர் லாயிட் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"என்ன யூனிஸ், புருஷனை விட்டுட்டு எங்களுக்கு விருந்தா? வெண்டல் கரையேறி ஒரு மணி நேரமாச்சு. வீட்ல போய் அடுப்பை மூட்டிட்டுப் படுக்கப்போறேன்னான்."

அத்தையின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

"வண்டியை எடுடி!"

பாதி வழியில் மரம் விழுந்து கிடந்தது. நான் பிரேக் போடுவதற்குள் அவள் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். அறுபத்து மூன்று வயதில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு, மழையில் ஓடினாள். என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. மேட்டில் ஏறியதும் ஊர்க் கூரைகள் தெரிந்தன. எல்லா வீட்டிலும் புகை எழுந்து காற்றில் பிய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

"பத்த வைக்கலை, அத்தை! புகையே இல்ல பாரு!"

அவள் நிற்காமல் ஓடினாள். வாசல் படியில் மாமாவின் பூட்ஸ் இருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. அறை முழுக்கப் புகை, கருகிய கம்பளி நாற்றம். விஷவாயு வந்தால் கத்த வேண்டிய அலாரத்தின் பேட்டரியை மாமாதான் படகு டார்ச்சுக்குப் பிடுங்கிப் போயிருந்தார். சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தார். "வெண்டல்! டேய் வெண்டல்!" என்று அவள் அறைந்தாள். அசைவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தரையோடு இழுத்தோம். வாசற்படியில் அவர் தலை இடித்தது. மழை முகத்தில் விழுந்தது. அவர் மார்பில் காதை வைத்த அத்தையின் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன.

பிறகு அவர் இருமினார், வாந்தி எடுத்தார்.

"கயிறு கட்டியிருந்தேனேடா, பாக்கலையா?"

"கயிறா?" மூச்சு வாங்கினார். "இந்த வீட்ல கயிறு கட்டாத கதவு எதுடி?"

உண்மைதான். வாசற்கதவு, கேட், வாளி, நாயின் கழுத்து, எல்லாவற்றிலும் அதே ஆரஞ்சுக் கயிறு. அது எச்சரிக்கை என்று அந்த ஊரில் எவருக்குத் தோன்றும்?

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கருகியதை எடுத்துவிட்டு அத்தை புதுச் சாக்கால் குழாயை மறுபடி அடைத்தாள். இந்தத் தடவை கைப்பிடியில் ஒரு தகரப் பலகை: 'பற்ற வைத்தால் சாவாய்.' பேட்டரியையும் அவளே போட்டாள். ஜனவரியில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு துறைமுக ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அத்தையின் செய்தி வந்தது.

"இன்னிக்குத் தென்கிழக்குக் காத்து. சாக்கை உருவி வெளியே போட்டுட்டேன். ஊளையிட்டா இடட்டும். வீடு அமைதியா இருந்தா நாற்காலிகிட்ட போய் உன் மாமாவுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவனுக்கு எரிச்சல். நீ வரும்போது தடிச்ச சாக்ஸ் எடுத்துட்டு வா."